கார்ப்பெண்டர், டெல்ஃப் (1877–1951)

அமெரிக்காவின் கொலராடோ மாநில வழக்கறிஞர். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் நீரை உடன்படிக்கை மூலம் பங்கிடும் முறைக்கு வழிவகுத்தவர். கிரீலி நகரில் பாசன விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1899இல் டென்வர் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். சில காலம் மாநில செனட்டிலும் இருந்தார்.

மேற்கு மாநிலங்கள் பலவற்றில் நீருரிமைக்கு ஆற்றங்கரையில் நிலம் இருப்பது முக்கியமல்ல. முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. வறட்சியில் பின்னால் வந்தவரின் மதகுதான் முதலில் அடைபடும். லாரமி ஆற்றுக்காக வயோமிங் தொடுத்த வழக்கில் கொலராடோவுக்காகக் கார்ப்பெண்டர் வாதாடினார். 1922 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இம்முன்னுரிமை மாநில எல்லையையும் தாண்டும் என்றது. கொலராடோ ஆற்றின் கீழ்மடையிலுள்ள கலிபோர்னியா வேகமாக வளர்ந்துவந்த நிலையில், மேல்மடை மாநிலங்களுக்கு இது பெரும் அச்சமாயிற்று.

வழக்கைவிடப் பேச்சுவார்த்தையே மேல் என்று அவர் முன்பே வலியுறுத்திவந்தார். அதன் பலனாக 1922 நவம்பர் 24இல் சாண்டா ஃபே நகரில் கொலராடோ ஆற்று உடன்படிக்கை கையெழுத்தானது. மேல், கீழ் வடிநிலங்களுக்கு ஆண்டுதோறும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 327 டி.எம்.சி., ஒதுக்கப்பட்டது. கணக்கு மழை மிகுந்த ஆண்டுகளின் நீர்வரத்தை நம்பியது. பழங்குடிகள் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படவில்லை. இவை இரண்டும் பெரிய குறைகளே. ஆனாலும் ஏழு மாநிலங்களை ஒரே மேசையில் அமர்த்தியது அரிய சாதனை.

பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் படுக்கையில் கிடந்தார். அந்த ஏழு மாநிலங்களில் ஒன்றான அரிசோனா 1944இல்தான் உடன்படிக்கையை ஏற்றது.