எந்தப் பக்கம் இருந்து வருது?

அம்பத்தூர் மொட்டை மாடியில நின்னு பார்த்தா பத்து நட்சத்திரம் தெரிஞ்சாலே பெரிய விஷயம். ஆனா மேலே இருந்து ஒரு மழை நிக்காம பெய்யுதுங்க. உள்ளங்கையை நீட்டினா நொடிக்கு ஒண்ணாவது மியுவான் துளைச்சுட்டுப் போகும். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கிற துகள் அது. சரி, அந்தக் கதிர்கள் எந்தத் திசையில் இருந்து வருது?

கேள்வி ரொம்பப் பழசு. 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தன்று விக்டர் ஹெஸ் பலூனில் ஏறினார். சூரியனின் பெரும்பகுதி மறைந்தும் கதிர்வீச்சு குறையவில்லை. ஆக, சூரியன் காரணமில்லை. 1933-ல் மெக்ஸிகோ நகரில் தாமஸ் ஜான்சனும், ஆல்வரெஸ்-காம்ப்டன் ஜோடியும் அளந்தபோது மேற்கிலிருந்து அதிகம் வந்தது. ஆனா அது பூமியின் காந்தப்புலம் செய்த வேலை. துகள்களுக்கு நேர் மின்னூட்டம்னு தெரிஞ்சது. பிறந்த ஊர் தெரியலை.

சிக்கலே இந்த மின்னூட்டம்தான். வர்ற வழியெல்லாம் காந்தப்புலம் வளைச்சு வளைச்சு, கடைசியில் எல்லாத் திசையிலிருந்தும் கிட்டத்தட்ட சமமா வருது. விலாசம் அழிஞ்ச கடுதாசி மாதிரி.

அந்த ‘கிட்டத்தட்ட’வைத் தேடினவங்க நம்ம ஊட்டியில இருக்காங்க. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3, 2,200 மீட்டர் உயரத்தில். தரையில் சுமார் 400 சிண்டிலேட்டர் கருவிகள், கூடவே 560 சதுர மீட்டர் மியுவான் தொலைநோக்கி. சாரல் சாய்வா அடிச்சா எந்தச் சுவர் முதல்ல நனையுதுன்னு பார்த்துத் திசை சொல்வோமில்லையா? அதே கணக்குதான். எந்தக் கருவி சில நானோநொடி முந்தியதுன்னு பார்ப்பாங்க.

ஆனா காற்றழுத்தமும் வெப்பமும் மாறினாலே எண்ணிக்கை மாறிடும். அதனால வந்து சேர்ந்த நேரங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு, ‘எல்லாத் திசையும் சமம்’னா வானம் எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை வானம் செய்வாங்க. நிஜ வானத்தை அதோட ஒப்பிடுவாங்க.

2013 முதல் 2016 வரை நாலு வருஷத்தில் 370 கோடி நிகழ்வுகள். 2024-ல் முடிவு வெளியானது. வானத்தில் ரெண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல்: ஒண்ணில் பத்தாயிரத்துக்கு 6.5, இன்னொண்ணில் 4.9. அவ்வளவுதான்!

அமெரிக்காவின் மிலாக்ரோ, திபெத்தின் ஆர்கோ, மெக்ஸிகோவின் ஹாக் மூணும் இதே இடங்களைத்தான் முன்பே காட்டியிருந்தன. வேற நாடு, வேற கருவி, அதே இடம். அதனால இது கருவிக் கோளாறுன்னு ஒதுக்க முடியாது. ஏன் அங்கே மட்டும்ங்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிற பதில் இன்னும் இல்லை.

அடுத்த தடவை ஊட்டி போனா, பொட்டானிக்கல் கார்டனோட திரும்பிடாம இவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.