உறைநிலை ஒரு பூட்டு அன்று: எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை முன்வைத்து

இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையைச் சற்றே உறையவைத்துப் படியெடுப்பதைப் பெரிய பூட்டு ஒன்றைப் போடும் வேலையாக நினைப்பது எளிது. லினக்ஸ் கர்னலின் அனுபவம் அதை ஏற்கவில்லை. உறைநிலை என்பது கோப்பு முறைமை அடையும் ஒரு நிலை. பூட்டு அந்நிலைக்கு இட்டுச்செல்லும் தற்காலிகக் கருவி மட்டுமே. இரண்டையும் ஒன்றெனக் கொண்டபோதுதான் கர்னல் சிக்கலில் மாட்டியது என்பதே என் வாதம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, அண்ணாகிராமம் வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் திரும்பப் பல நாள் ஆயிற்று. இப்படிச் சொல்லாமல் மின்சாரம் போகும் ஊர்களில்தான் கோப்பு முறைமை வைத்திருக்கும் ஜர்னலின் அருமை தெரியும். கட்டமைப்பில் செய்யவிருக்கும் மாற்றங்களை முதலில் ஜர்னலில் எழுதிவைத்துப் பிறகே உரிய இடத்தில் பதிவதால், கணினி மீண்டும் எழும்போது குறையாய் நின்றதைச் சரிசெய்துகொள்கிறது. ஸ்டீஃபன் ட்வீடி 1998இல் விளக்கிய இந்த முறை எக்ஸ்ட்3 வழியே எக்ஸ்ட்4க்கு வந்தது. ஸ்னாப்ஷாட் எடுப்பவருக்கோ இது போதாது. மீட்பு வேலை ஏதுமின்றியே வாசிக்கத்தக்க படி அவருக்கு வேண்டும். அதற்கு ஜர்னல் காலியாக வேண்டும், புதிய எழுத்து எதுவும் நுழையக் கூடாது.

2009இல் வந்த 2.6.29 கர்னல், உறையவைக்கும் கட்டளையைக் கோப்பு முறைமைகளுக்குப் பொதுவாக்கியது. எக்ஸ்ட்4 அப்போது நடப்பிலிருந்த பரிவர்த்தனைகள் முடியக் காத்திருந்து, ஜர்னலின் தடுப்பு மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்து, ஜர்னலை முழுக்க வட்டுக்கு இறக்கி, ‘மீட்பு தேவை’ என்ற குறியை நீக்கியது. அதுவரை சரி. பிறகு மியூடெக்ஸை விடாமலே பயனர் நிரலுக்குத் திரும்பியது. மியூடெக்ஸைப் பிடித்த த்ரெட்தான் அதை விட வேண்டும் என்பது கர்னலின் விதி. உறையவைத்த கட்டளையோ அந்தக் கணமே முடிந்துபோகிறது. பிறகு உருகவைப்பது வேறொரு புராசஸ். 2010இல் எரிக் சாண்டீன் இதைத் திருத்தினார்: வேலை முடிந்ததும் மியூடெக்ஸ் விடப்படும், பரிவர்த்தனை தொடங்குமிடத்தில் ‘உறைந்திருக்கிறதா’ என்ற சோதனை நடக்கும்.

அந்தத் திருத்தமும் ஓர் ஓட்டையை விட்டுவைத்தது. ஒரு புராசஸ் சோதித்துப் பார்க்கிறது, உறையவில்லை. அடுத்த கணம் உறையவைத்தல் தொடங்குகிறது. அந்தப் புராசஸ் ஜர்னலின் தடுப்பில் நிற்கிறது. ஜர்னல் காலியானதும் தடுப்பு விலகுகிறது. முன்பே சோதனையைத் தாண்டிவிட்டதால், உறைந்த கோப்பு முறைமையில் அது தாராளமாக எழுதத் தொடங்குகிறது.

2012இல் யான் காரா சோதனைக்குப் பதிலாகக் கணக்கைக் கொண்டுவந்தார். எழுதுவோர் நுழையும்போதும் வெளியேறும்போதும் எண்ணப்படுகிறார்கள்; உறையவைப்பவர் வாசலை மூடிவிட்டு உள்ளிருப்போர் வெளியேறும்வரை காத்திருக்கிறார். வாசல்கள் மூன்று: சாதாரண எழுத்து, பேஜ் ஃபால்ட், கோப்பு முறைமையின் உள்வேலை. மூன்றும் இந்த வரிசையிலேயே மூடப்பட வேண்டும். எழுதும் புராசஸ் முதலில் வாசலில் நுழைந்து, தரவை நகலெடுக்கையில் நினைவகப் பூட்டைக் கேட்கும். பேஜ் ஃபால்ட்டில் நினைவகப் பூட்டு முதலில், வாசல் பிறகு. இரண்டுக்கும் ஒரே வாசல் என்றால் ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டுமே நின்றுபோகும். இந்தத் திருத்தத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

ஒட்டிக்கிடப்பவற்றைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் போக்கு இங்கு மட்டும் இல்லை. வட்டுக்குப் போகும் வரிசை வேறு, வட்டில் நிலைப்பது வேறு என்று 2013இல் விஜய் சிதம்பரம், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை உள்ளிட்ட விஸ்கான்சின் ஆய்வாளர்கள் எக்ஸ்ட்4ஐ அடிப்படையாக வைத்துக் காட்டினார்கள்.

பூட்டுக்கு இருப்பதுபோல் நிலைக்கு உரிமையாளர் இல்லையென்றால், உறையவைத்த நிரல் செத்துப்போனால் உருகவைப்பது யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவசரத்துக்கென்று சிஸ்ஆர்க்யூ விசையுடன் ‘ஜே’யை அழுத்தி எல்லாவற்றையும் உருகவைக்கும் வழி கர்னலில் உண்டு, அது முரட்டு வழி. 2023இல் உறையவைத்தது பயனரா, கர்னலா என்று குறித்துவைக்கும் ஏற்பாடு வந்தது. ஒருவர் உறையவைத்ததை மற்றவர் உருகவைக்க முடியாது. உரிமை திரும்பியதென்னவோ உண்மை. ஆனால் அது எந்த த்ரெட்டின் கையிலும் இல்லை, நிலையைக் குறிக்கும் பதிவிலேயே இருக்கிறது.