சைலன்ஸருக்குள் வந்த கடல்

பழைய கார்களின் உடலில் முதலில் மடியும் உறுப்பு எஞ்சின் அல்ல. அடிவயிற்றில், எவர் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் சைலன்ஸர்தான். அமெரிக்கர்கள் அதை மஃப்ளர் என்பார்கள்; நமக்கோ அச்சொல் மார்கழிப் பனியில் காதைச் சுற்றிக்கொள்ளும் துணியைக் குறிப்பது. 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கார் உரிமையாளர் ஒருவருக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துருப்பிடித்த சைலன்ஸரை மாற்றுவது பருவமழைபோல இயல்பான ஒன்று. 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் முதல் கடையைத் திறந்த மைடாஸ் நிறுவனம் இந்த ஒற்றை உறுப்பை நம்பியே நாடெங்கும் பரவியது. தொட்டதெல்லாம் பொன்னாகும் கிரேக்க அரசனின் பெயர் அது. துருவே பொன்னான கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்காது.

ஏன் சைலன்ஸர் மட்டும் இத்தனை விரைவில் உளுத்துப்போனது? பெட்ரோல் எரியும்போது நீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். நெடும்பயணத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் காரிலோ குழாய் முழுதாகச் சூடேறுவதில்லை. ஆவி குளிர்ந்து சைலன்ஸருக்குள்ளேயே தேங்கும். எரிபொருளின் கந்தகம் அதில் கரைந்து அமிலமாகும். ஆகவே துரு வெளியிலிருந்து தின்பதற்கு முன்பே உள்ளிருந்து தின்னத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு மேல் வேறொன்றும் அந்தத் தேங்கிய நீரில் சேர்ந்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சினின் தட்டலை அடக்க டெட்ராஎதில் ஈயத்தைக் கண்டடைந்தார். 1923 பிப்ரவரியில் ஓஹையோவின் டேட்டன் நகரில் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஆனால் எரிந்த ஈயம் வால்வுகளில் படிந்தது. அதை வாயுவாக்கி வெளியேற்ற, புரோமினும் குளோரினும் கொண்ட சேர்மங்களைப் பெட்ரோலில் கலந்தார்கள். அத்தனை புரோமினுக்கு எங்கே போவது? கடலுக்குத்தான். 1934இல் வட கரோலினாவின் கியூர் கடற்கரையில் கடல்நீரைப் பிழிந்து புரோமின் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரு டன் கடல்நீரில் கிடைப்பது வெறும் 65 கிராம் அளவே. இப்படி அரும்பாடுபட்டு எடுத்த புரோமின் எஞ்சினைக் காப்பாற்றிவிட்டு, போகும் வழியில் ஹைட்ரோபுரோமிக் அமிலமாகிச் சைலன்ஸரைத் தின்றது. வெளியே பனிச்சாலைகளில் தூவிய உப்பு. உள்ளே கடலின் புரோமின். மெல்லிய சாதா எஃகுத் தகடு எத்தனை நாள் தாங்கும்?

தாங்கக்கூடிய உலோகம் இல்லாமலில்லை. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தை ஆராயப் போய், சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்திருந்தார். இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குத் திறந்துவிடும். குரோமியத்தின் ஆக்சைடோ கண்ணுக்குத் தெரியாத தோலாக ஒட்டிக்கொண்டு காக்கும். நம் சமையலறையின் எவர்சில்வரும் இந்த வம்சம்தான். 1936இல் ஃபோர்டும் அலிகெனி எஃகு நிறுவனமும் சேர்ந்து ஆறு கார்களை முழுக்க இந்த எஃகுக் கூட்டில் கட்டின. அவை ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் மைல்களுக்கு மேல் ஓடின. ஊருக்கு ஊர் காட்சிப்பொருளாகவும் இருந்தன.

இதே காரின் இன்னொரு நீர்வழியைப் பாருங்கள். ரேடியேட்டருக்குச் செம்பும் பித்தளையும் கொடுத்தார்கள். 1927இல் கிளைக்கால் கலந்த உறைதடுப்பான் சந்தைக்கு வந்தது. அது நாளடைவில் அமிலமாகிறது என்று கண்டு, அரிப்பை அடக்கும் உப்புகளையும் சேர்த்தார்கள். எஞ்சின் அரித்தால் கெட்ட பெயர் நிறுவனத்துக்கு. சைலன்ஸர் அரித்தால் பழி மழைக்கும் பனிக்கும். விலையும் ஒரு காரணம்தான். குரோமிய எஃகை மெல்லிய குழாயாக உருட்டிப் பற்றவைப்பது எளிதல்ல என்பதும் உண்மை. ஆயினும் ஓட்டைச் சைலன்ஸர் வெறும் செலவு மட்டுமல்ல. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, துருவேறிய தரைத்தகட்டின் வழியே பயணிகளிடம் ஏறியது. அந்த வாயு எச்சரிக்கை தருவதில்லை. தூக்கம் மட்டுமே தரும்.

மாற்றம் வந்தது உரிமையாளரின் பணப்பைக்காக அல்ல. 1970 டிசம்பர் 31 அன்று நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகள் ஐந்தாண்டு அல்லது 50,000 மைல் வரை செயல்பட வேண்டும் என்றது. 1975ஆம் ஆண்டு மாடல்களில் வினையூக்கி மாற்றிகள் வந்தன. அவற்றின் வெப்பத்தைச் சாதா எஃகு தாங்காது. 1960களில் சைலன்ஸருக்கென்றே உருவாக்கப்பட்ட 409 வகை எஃகு அப்போது கைகொடுத்தது. சுமார் 11 சதவீதம் குரோமியம். பற்றவைத்த இடம் அரிக்காதிருக்கச் சிறிது டைட்டானியம். விலையேற்றும் நிக்கல் கிடையாது. காந்தம் ஒட்டும், மேலே பழுப்பும் படரும், எனவே எவர்சில்வரென்று நம்பிப் பார்ப்பவர் ஏமாறுவார். ஆனால் ஓட்டை விழுவது வெகு தாமதமாகத்தான். மாற்றியின் கூட்டிலிருந்து அந்த எஃகு மெல்ல மெல்லப் பின்குழாய் வரை பரவியது.

ஈயம் வினையூக்கியை நஞ்சாக்கும் என்பதால் பெட்ரோலிலிருந்து ஈயமும் விலக வேண்டியதாயிற்று. ஈயம் போனதும் அதைத் துரத்த வந்த புரோமினுக்கும் வேலை இல்லை. ஈயத்தைப் பெற்றெடுத்த அதே ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் கோல்தான் 1970 தொடக்கத்தில் அதை நீக்கக் கோரினார் என்பது வரலாற்றின் குறும்பு. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் ஈய பெட்ரோல் நாடு முழுதும் நின்றது. கடைசியாக அல்ஜீரியாவின் பெட்ரோல் நிலையங்களில் 2021 ஜூலையில் நின்றபோது, அங்கே ஓடிய பழைய கார்களின் சைலன்ஸர்களுக்குள் புரோமின் போய்ச் சேர்வதும் நின்றது.