காலுக்குள் இருந்த வழி



மார்பில் சிறிது நோவு தோன்றினால் வீடு முழுவதும் கலங்குகிறது. நடக்கையில் கால் நோகின்றது என்றால், வயதின் இயல்பு என்று கூறி அமைகின்றோம். ஆயின் காலின் குருதிக் குழாய்கள் நோயுற்றதனாற் காலையே இழந்தோர் மிகப் பலர். நெடுங்காலம் அவர்களுக்கு வைத்தியர் அளிக்கக்கூடிய பரிகாரம், காலை வெட்டி அகற்றுவதாகவே இருந்தது. அந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லுங் குழாயை நாடி என்றும், அதனை இருதயத்துக்கு மீட்டு வருங் குழாயை நாளம் என்றும் கூறுவர். நாடி அடைபட்டால் கால் குருதியின்றி வாடும். நாளம் பழுதுற்றால் குருதி காலிலே தேங்கும். பேச்சு வழக்கில் நரம்பு சுருண்டது என நாம் சொல்வது, உண்மையில் வீங்கி நெளிந்த நாளத்தையே.

இத்தாலியிலுள்ள பாதுவா நகரிற் பேராசிரியராயிருந்த ஃபப்ரீசியஸ், 1603ஆம் ஆண்டில் நாளங்களின் உள்ளே காணப்படும் சிறு மடல்களைப் படங்களுடன் விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். குருதி முழுவதும் பாதத்துக்கு இறங்கிவிடாது தடுப்பதே அவற்றின் தொழில் என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தைத் திருத்தினார். அம்மடல்கள் இருதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் ஒருவழிக் கதவுகள் என அவர் காட்டினார். கதவுகள் சரிவர மூடாதபோது குருதி கீழ்நோக்கிச் சரிந்து, நாளங்கள் புடைக்கின்றன. ஜெர்மானியரான ட்ரெண்டலென்பர்க், தொடையிற் செல்லும் பெரு நாளத்தைக் கட்டி அச்சரிவை நிறுத்தும் முறையை 1891இல் எழுதி வெளியிட்டார்.

நாடியின் வரலாறு இன்னுங் கடுமையானது. முழங்காலின் பின்புறத்து நாடி பலூன்போற் புடைத்து வெடிக்கும் நோயொன்று அக்காலக் குதிரைவண்டிச் சாரதிகளிடையே கண்டறியப்பட்டிருந்தது. தொடையோடு காலை வெட்டுவதே பலர் கைக்கொண்ட முறை. 1785ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இலண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஜோன் ஹண்டர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சாரதிக்கு வேறு வழியைக் கையாண்டார். புடைத்த இடத்தைத் தொடாது, அதற்கு மேலே தொடையிலுள்ள நாடியை அவர் கட்டினார். பெரு நாடியைக் கட்டினாற் கால் மரித்துவிடாதோ எனும் ஐயம் எழுவது இயல்பு. கால் மரிக்கவில்லை. பக்கக் கிளைகளாகிய சிறு நாடிகள் விரிந்து குருதியைக் கீழே கொண்டு சேர்த்தன. ஆறு வாரங்களின் பின் அம்மனிதர் தம் கால்களாலேயே நடந்து வெளியேறினார்.

நாடி அடைபடும் நோயின் அறிகுறியை முதலில் உணர்த்தியது ஒரு குதிரை. 1831இல், சிறிது தூரம் ஓடியதும் நொண்டி, நின்று இளைப்பாறியதும் மீண்டும் நன்றாக நடந்த குதிரையொன்றைப் பிரெஞ்சு மிருக வைத்தியர் ஒருவர் ஆராய்ந்தார். அதன் பின்னங்கால்களுக்குச் செல்லும் நாடிகள் அடைபட்டிருந்தன. மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்வதை 1858இல் பாரிஸ் வைத்தியர் சார்க்கோ எடுத்துரைத்தார். நடக்கையில் கெண்டைக்கால் நோவதும், நின்றதும் அந்நோவு தணிவதும் குருதி போதாமையின் குரல் என்பது இவ்வாறே தெளிவாயிற்று.

நோயை அறிந்தபின்னும் அதனைத் தீர்க்கும் வழி எளிதிற் கிட்டவில்லை. குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் கரெல், 1912இல் நோபல் பரிசு பெற்றார். லிஸ்பன் நகர வைத்தியர் ரெய்னால்டோ டொஸ் சான்தோஸ், வயிற்றுப் பெருநாடியையும் அதன் கிளைகளையும் எக்ஸ் கதிர்ப் படத்திற் காணும் முறையை 1929இல் வெளியிட்டார். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிசில் குன்லின் என்னும் நிபுணர், ஆறாப் புண்ணுற்ற ஒரு நோயாளியின் தொடையிலிருந்து நாளத்தை எடுத்து, அடைபட்ட நாடிக்கு மாற்றுப் பாதையாகப் பொருத்தினார். நாளத்தைத் தலைகீழாகத் திருப்பியே அவர் தைத்தார். ஃபப்ரீசியஸ் வரைந்து காட்டிய கதவுகள், திருப்பாவிடிற் குருதியைத் தடுத்துவிடும் அன்றோ? நாளத்துக்கென ஆராய்ந்த அறிவு, மூன்று நூற்றாண்டுகளின் பின் நாடி நோய்க்குத் துணையாயிற்று.

1964ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரில், பாதம் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டி ஒருவர், காலை வெட்டுதற்கு இணங்க மறுத்துவிட்டார். கதிர்ப்பட நிபுணர் சார்ள்ஸ் டொட்டர், தோலிலிட்ட சிறு துளையினூடாக மெல்லிய குழாய்களை நாடிக்குட் செலுத்தி, ஒடுங்கிய இடத்தை விரித்தார். குளிர்ந்திருந்த பாதம் வெம்மை பெற்றது. கால் வெட்டப்படவில்லை. பின்னர் 1974இல், சூரிச் நகரில் குருன்ட்சிக் என்பவர் குழாயில் அமைந்த பலூனால் கால்நாடியை விரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அம்முறை பின்னர் இருதய நாடிகளுக்கும் சென்றது.

இவ்வரலாற்றில் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். காலைக் காத்த வழிகள் பெரும்பாலும் காலுக்குள்ளேயே இருந்தன. ஹண்டருக்குத் துணைநின்ற பக்கக் கிளைகளும், குன்லின் திருப்பித் தைத்த நாளமும், டொட்டர் உள்ளே நுழைந்த நாடியும் நோயாளியின் உடலுக்கே உரியவை. அவற்றின் இயல்பை அறிந்தபோது வெட்டுக்கத்திக்கு வேலை குறைந்தது.

எனினும் அக்கத்தி இன்னும் ஓய்வு பெற்றுவிடவில்லை. புகைத்தலும் நீரிழிவும் இன்றும் காலின் நாடிகளுக்குப் பெரும் பகைகளாகும். நடக்கையில் வந்து, நின்றதுந் தணியும் நோவையும், பாதத்தில் ஆறாதிருக்கும் சிறு புண்ணையும் முதுமையின் இயல்பெனத் தள்ளாது, காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுதல் வேண்டும். புகைத்தலை விட்டு, வைத்தியரின் ஆலோசனைப்படி நாள்தோறும் முறையாக நடப்போர், வரவரக் கூடிய தூரம் நோவின்றி நடக்க இயலும். கால் தன் குறையைக் குறைந்த குரலிலேயே கூறும். அக்குரலைக் காலத்தோடு கேட்போருக்கு வழி திறந்தே இருக்கின்றது.