செல்லுக்குள் சுவரில்லாத அறைகள்: புற்றுநோய் ஆய்வில் பேசப்படும் ‘கண்டென்சேட்’ என்றால் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கார் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெயின்ட் ஷாப்புக்குத் தனிச் சுவர் உண்டு. ஆனால் லைன் நின்றுவிட்டால்? மெயின்டனன்ஸ், குவாலிட்டி, புரொடக்‌ஷன் ஆட்கள் ஓடிவந்து கூடுவார்கள். வேலை முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சுவர் கிடையாது.

நம் செல்லுக்குள்ளும் இதேதான் நடக்குது. புரதங்களும் ஆர்என்ஏவும் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளி மாதிரி ஒன்றுகூடி, வேலை முடிந்ததும் கரைந்துபோகும். சவ்வு இல்லாத இந்தத் துளிகள்தான் கண்டென்சேட். இவை திரவம் போல நடந்துகொள்வதை 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டோனி ஹைமன், கிளிஃப் பிராங்வின் குழு புழுவின் கருவில் கண்டது. 2023-க்கான ‘பிரேக்த்ரூ’ பரிசு இருவருக்கும் கிடைத்தது.

சரி, புற்றுநோய் எங்க வருது?

கூடிய கூட்டம் கலையாவிட்டால் சிக்கல். மும்பை ஐஐடி பேராசிரியர் சமீர் மாஜியின் குழு, பார்கின்சன் நோயோடு தொடர்புடைய ஒரு புரதம் முதலில் துளியாகி, பிறகு கெட்டிப்படுவதை 2020-ல் காட்டியது. இதே குழு பல ஆண்டுகளாகத் துரத்தும் இன்னொரு புரதம் பி53. செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் காவலாளி இது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கும். பி53 கெட்டியான இழைகளாகத் திரண்டால் காவல் வேலையை விட்டுவிடுகிறது. அந்த இழைகளைச் சாதாரண செல்லில் சேர்த்தால், அதுவும் புற்றுசெல் குணத்துக்கு மாறுகிறது என்கின்றன இவர்களின் ஆய்வுகள். இது ஆய்வக செல்களில் பார்த்தது. புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க.

மருந்து விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பல புற்றுநோய்களுக்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின், செல் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. சில துளிகளுக்குள் போய்க் குவிகிறது என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் யங் குழு 2020-ல் கண்டறிந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபென் சிலருக்கு ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதற்கும் இங்கே ஒரு விடை கிடைத்தது: துளி பெரிதானால் உள்ளே மருந்தின் அடர்த்தி நீர்த்துவிடும். டோஸ் சரி, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பற்றாக்குறை.

துளிகளையே குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கு. இதைக் காரணம் காட்டி இப்போது எடுக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்த வேண்டாம்.