வயலும் வாரிசுகளும்

கிராமம் என்றதும் தன்னிறைவையும் அமைதியையும் எண்ணிக்கொள்வது நம்மவர் வழக்கம். கண்டிப் பகுதியின் பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்த என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவுமோ 1957இல் தம் நூலுக்குச் ‘சிதையும் கிராமம்’ எனப் பொருள்படவே பெயரிட்டனர்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காட்டையும் சேனையையும் முடிக்குரியன என்றது. மலைச்சரிவுகளிலே பெருந்தோட்டங்கள் எழுந்தன. குடியானவனுக்கு எஞ்சியது பள்ளத்து வயலே. இக்கேட்டிற்குத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியைக் காரணங் காட்டினோரும் உளர். அவனுக்கோ ஒரு முழ நிலமும் சொந்தமில்லை!

மக்கள் பெருகினர். இலங்கையில் 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டே 14 அளவிற்கு இறங்கிற்று. பிழைத்த குழந்தைகளின்மேற் பழி சுமத்த நாம் ஒருப்படோம். ஆனால் வயல் வளரவில்லை. துண்டாடவியலாத சிறு வயலை வாரிசுகள் ‘தட்டுமாறு’ முறைப்படி ஆண்டுக்கொருவராக மாறிமாறிச் செய்தனர். மைந்தர் மூவரெனின் ஒருவனது முறை மூன்றாண்டுக்கொருமுறை வரும். அவர் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மைந்தரெனின், பேரன் ஒன்பதாண்டு காத்திருத்தல் வேண்டும். அடுத்த போகம் பிறன் கைக்குப் போகும் மண்ணுக்கு எருவிடுவார் யார்? விளைவு குன்றிற்று; வருவாயும் குன்றிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் கூலியாள். அன்றேல் விளைவிற் பாதியை நிலவுடைமையாளனுக்கு அளக்கும் ‘அந்தே’ வாரக்குடி.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரக்குடியின் பாத்தியத்தைக் காக்க முனைந்தது. சட்டம் வந்ததும் நிலவுடைமையாளர் பலர் செய்த முதற் காரியம், குடிகளை வயலினின்றும் வெளியேற்றியதே.