ரொட்டி மாவு பிசைதல்

ரொட்டி மாவு பிசைதல் என்பது ரொட்டி (இலங்கை வழக்கு: பாண்) செய்வதில் ஒரு முதன்மையான படிநிலை ஆகும். கோதுமை மாவிலுள்ள குளூட்டெனின், கிளையடின் ஆகிய புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் எனப்படும் மீள்தன்மையுள்ள வலையமைப்பை உருவாக்குகின்றன. பிசையும்போது இது வலுப்பெறுகிறது. ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு இவ்வலையில் சிக்குவதாலேயே மாவு உப்புகிறது. அரிசி, கேழ்வரகு மாவுகளில் குளூட்டன் இல்லாததால் அவை இவ்வாறு உப்புவதில்லை.

செய்முறை

500 கிராம் கோதுமை மாவு, 300 மில்லிலீட்டர் வெதுவெதுப்பான நீர், 10 கிராம் உப்பு, 7 கிராம் உலர் ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து, கையால் சுமார் 10 நிமிடங்கள் பிசைய வேண்டும். கொதிநீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். சிறிது மாவை இழுக்கும்போது கிழியாமல் மெல்லிய ஏடாக விரிந்தால் பதம் சரியானது. மாவு இருமடங்காக உப்பியபின் வடிவமைத்து, மீண்டும் உப்பவிட்டு, 220 °செ வெப்பநிலையில் சுமார் 30 நிமிடங்கள் சுடுவர்.

பிசையா முறை

நீர் மிகுந்த மாவை 12 முதல் 18 மணிநேரம் வைத்திருந்தால், பிசையாமலேயே குளூட்டன் உருவாகும். அமெரிக்க ரொட்டிக் கலைஞர் ஜிம் லேகியின் இம்முறை, 2006 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வழியாகப் பரவலாக அறியப்பட்டது.